காரில்லாத ஞாயிறு முதல் மாட்டு வரி வரை: டென்மார்க்கின் ஐம்பது ஆண்டுகள்

முன்னுரை

நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலிக்குப் பேருந்தில் போகிறவர்கள் ஆரல்வாய்மொழி தாண்டியதும் சன்னல் பக்கம் திரும்பாமல் இருக்க முடியாது. இரண்டு பக்கமும் காற்றாலைகள். சின்ன வயதில் அவற்றை எண்ண ஆரம்பித்து, ஐம்பதைத் தாண்டுவதற்குள் தூங்கிப்போன அனுபவம் எனக்கு உண்டு. இந்தப் பக்கத்துக் காற்றாலைகளுக்கும் டென்மார்க் என்ற குட்டி நாட்டுக்கும் தொடர்பு உண்டு என்பது கல்லூரியில் ஒரு கட்டுரைக்காகப் படித்தபோதுதான் தெரிந்தது. கயத்தாறு, முப்பந்தல் பகுதிகளில் ஆரம்ப காலத்தில் காற்றாலைகள் நிறுவ டென்மார்க் அரசின் உதவி நிறுவனமான டானிடா துணை நின்றது. பின்னர் டென்மார்க் நிறுவனங்களோடு கூட்டு சேர்ந்தே சென்னையில் காற்றாலைத் தொழில் வளர்ந்தது.

அதிலிருந்து ஆர்வம் வந்து அந்த நாட்டின் கதையைத் தேடிப் படித்தேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

புவி வெப்பமடைதல் பற்றிப் பேசும்போதெல்லாம் "2050க்குள்", "2070க்குள்" என்று தூரத்து ஆண்டுகளைச் சொல்கிறார்கள். ஆனால் விஞ்ஞானிகள் சொல்லும் கணக்கு கிட்டத்தில் இருக்கிறது. வெப்ப உயர்வை 1.5 டிகிரிக்குள் நிறுத்த வேண்டுமானால், 2030க்குள் உலகின் பசுங்குடில் வாயுக்களை 2019ஆம் ஆண்டு அளவிலிருந்து சுமார் 43 சதவீதம் குறைக்க வேண்டும் என்று ஐ.நா.வின் காலநிலைக் குழு கூறியது. 2024ஆம் ஆண்டோ, தொழிற்புரட்சிக்கு முந்தைய காலத்தைவிட 1.5 டிகிரிக்கு மேல் சூடான முதல் ஆண்டாகப் பதிவாகிவிட்டது. ஆகவே மின்சாரம், வீடு, போக்குவரத்து, ஆலை, விவசாயம் என்று ஒவ்வொரு துறையிலும் பத்தாண்டுக்குள் என்ன செய்ய முடியும் என்பதே கேள்வி.

இதற்கு வரலாற்றில் பதில் இருக்கிறதா? இருக்கிறது. பாதி வெற்றியும் பாதி தவறுமாக இருக்கிறது.

எண்ணெய் நின்ற குளிர்காலம்

1973 அக்டோபரில் அரபு - இஸ்ரேல் போர் மூண்டது. அரபு நாடுகள் எண்ணெய் உற்பத்தியைக் குறைத்தன. பீப்பாய் 3 டாலர் அளவில் இருந்த கச்சா எண்ணெய் சில மாதங்களில் 12 டாலரைத் தொட்டது.

டென்மார்க்குக்கு இது இடி விழுந்தது போல. அப்போது அந்த நாட்டின் ஆற்றல் தேவையில் ஏறக்குறைய 90 சதவீதம் இறக்குமதி எண்ணெய்தான். மின்சாரம் எண்ணெயில், கார் எண்ணெயில், வீட்டைச் சூடாக்குவதும் எண்ணெயில். நமக்கு வீட்டைச் சூடாக்குவது என்பது புரியாத விஷயம். அங்கே குளிர்காலத்தில் அது சோறு தண்ணீர் மாதிரி.

பிரதமர் அங்கர் யோர்கென்சனின் அரசு ஒரு கட்டளை போட்டது. 1973 நவம்பர் 25 முதல் ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டக் கூடாது! மருத்துவர் போன்ற சிலருக்கு மட்டும் விலக்கு. அன்றைய புகைப்படங்களைப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். நெடுஞ்சாலையில் குழந்தைகள் சைக்கிள் விடுகிறார்கள், சிலர் குதிரை வண்டியில் போகிறார்கள். கடைகளின் கண்ணாடி சன்னல் விளக்குகள் அணைந்தன. சாலைகளில் வேகக் கட்டுப்பாடு வந்தது.

காரில்லாத ஞாயிறுகள் 1974 பிப்ரவரியோடு முடிந்துவிட்டன. அவற்றால் மிச்சமான எண்ணெய் பெரிதல்ல. ஆனால் "நம் வாழ்க்கை யாரோ ஒருவர் கையில் இருக்கும் குழாயில் தொங்குகிறது" என்ற பயம் ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் நுழைந்தது. அடுத்து நடந்த எல்லாவற்றுக்கும் அந்தப் பயம்தான் விதை. அன்று கரியமில வாயுவைப் பற்றி அங்கே யாரும் கவலைப்படவில்லை என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

தெருவுக்கு அடியில் ஓடிய வெந்நீர்

டென்மார்க் என்றதும் எல்லோரும் காற்றாலையைத்தான் சொல்வார்கள். ஆனால் சீக்கிரம் பலன் கொடுத்த வேலை கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நடந்தது. அது தெருவுக்கு அடியில்.

ஒரு அனல் மின்நிலையத்தில் எரியும் எரிபொருளில் பாதிக்கும் மேலான ஆற்றல் மின்சாரமாக மாறாமல் வெப்பமாகக் கடலிலும் காற்றிலும் போய்விடுகிறது. அந்த வெப்பத்தை வெந்நீராகக் குழாய்களில் ஏற்றி வீடுகளுக்கு அனுப்பினால்? வீடுதோறும் தனித்தனி எண்ணெய் அடுப்பு வேண்டாம். இந்த யோசனை புதிதல்ல. கோபன்ஹேகனை ஒட்டிய பிரெடெரிக்ஸ்பெர்க்கில் 1903லேயே குப்பையை எரித்து வந்த வெப்பத்தை மருத்துவமனைக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

புதிதாக வந்தது சட்டம். 1979ல் வெப்ப வழங்கல் சட்டம் இயற்றப்பட்டது. ஒவ்வொரு நகராட்சியும் தன் ஊரின் வரைபடத்தை விரித்து, எந்தத் தெருவுக்கு வெந்நீர்க் குழாய், எந்தத் தெருவுக்கு எரிவாயு என்று திட்டம் போட வேண்டும். பிறகு வீடுகளை அந்த இணைப்பில் சேரும்படி கட்டாயப்படுத்தவும் நகராட்சிகளுக்கு அதிகாரம் கிடைத்தது. "என் வீட்டுக்கு நான் விரும்பியதை வைத்துக்கொள்வேன்" என்பதற்கு அங்கே இடமில்லை. அதற்குப் பதிலாக இன்னொரு விதி இருந்தது. வெப்பம் வழங்கும் அமைப்பு லாபம் வைக்கக் கூடாது. அடக்க விலைக்குத்தான் தர வேண்டும். பல ஊர்களில் வீட்டுக்காரர்களே சேர்ந்த கூட்டுறவுச் சங்கங்கள்தான் அதை நடத்தின. கட்டாயமும் நியாயமும் சேர்ந்து வந்ததால் மக்கள் ஏற்றுக்கொண்டார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

கூடவே கட்டட விதிகளும் இறுக்கப்பட்டன. சுவரிலும் கூரையிலும் வெப்பம் கசியாமல் பஞ்சு போன்ற பொருளை அடைப்பது, சன்னலுக்கு இரட்டைக் கண்ணாடி போடுவது என்று அரசு மானியமும் கொடுத்தது. 1988ல் புதுக் கட்டடங்களில் மின்சாரத்தால் சூடாக்குவதற்குத் தடை வந்தது. 2013ல் புதுக் கட்டடங்களில் எண்ணெய், எரிவாயு அடுப்புகளுக்கும் தடை வந்தது. இன்று டென்மார்க்கில் மூன்றில் இரண்டு பங்கு வீடுகள் இந்தக் குழாய் வெந்நீரில்தான் சூடாகின்றன.

இதில் இன்னொரு நன்மை பின்னாளில்தான் தெரிந்தது. குழாய் போட்டாகிவிட்டால், மறுமுனையில் என்ன எரிகிறது என்பதை மாற்றிக்கொள்ளலாம். நிலக்கரிக்குப் பதில் வைக்கோல், குப்பை, சூரிய வெப்பம், பெரிய வெப்ப பம்பு என்று எதையும் இணைக்கலாம். ஆயிரம் வீட்டு அடுப்புகளை மாற்றுவதைவிட ஒரு கொதிகலனை மாற்றுவது சுலபம் அல்லவா?

தச்சரும் பள்ளி ஆசிரியர்களும்

இனி காற்றாலைக்கு வருவோம். இந்தக் கதை 1891ல் ஆஸ்கோவ் என்ற கிராமத்துப் பள்ளியில் தொடங்குகிறது. அங்கே ஆசிரியராக இருந்த போல் லா கூர் காற்றாலையில் மின்சாரம் எடுத்தார். காற்று நின்றால் என்ன செய்வது? அந்த மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுத்துச் சேமித்து, பள்ளிக்கூட விளக்குகளை எரித்தார். (இன்று "பசுமை ஹைட்ரஜன்" என்று புதுமையாகப் பேசுகிறார்களே, அதுதான் இது!) அவரிடம் படித்த யோஹன்னஸ் யூல் 1957ல் கெட்ஸர் என்ற இடத்தில் மூன்று இறக்கைகள் கொண்ட 200 கிலோவாட் காற்றாலையை நிறுவினார். அது பத்தாண்டு ஓடியது. எண்ணெய் மலிவாகக் கிடைத்ததால் 1967ல் நிறுத்திவிட்டார்கள்.

1973க்குப் பிறகு அரசு அணுமின்சாரத்தை நம்பியது. 1976ல் வந்த திட்டத்திலும் அணு உலைகள் இருந்தன. மக்களில் ஒரு பகுதியினர் எதிர்த்தார்கள். சிரிக்கும் சூரியன் படத்தோடு "அணுசக்தியா? வேண்டாம், நன்றி" என்று உலகமெங்கும் பரவிய சின்னம் 1975ல் ஆர்ஹுஸ் நகரில் பிறந்ததுதான். வேண்டாம் என்று சொன்னதோடு அவர்கள் நிற்கவில்லை. "பிறகு வேறு என்ன?" என்ற கேள்விக்குக் கையால் பதில் செய்து காட்டினார்கள். கிறிஸ்டியான் ரீஸாகர் என்ற தச்சர் தன் தோட்டத்தில் காற்றாலை செய்து ஊர் மின்கம்பியோடு இணைத்தார். ட்வின்ட் என்ற இடத்துப் பள்ளியின் ஆசிரியர்களும் தொண்டர்களும் சேர்ந்து மூன்று ஆண்டு உழைத்து 1978ல் 2 மெகாவாட் காற்றாலையை எழுப்பினார்கள். அந்தக் காலத்தில் உலகிலேயே பெரியது அதுதான். 40 ஆண்டுகளுக்கு மேல் அது சுற்றியது.

அரசும் வழிவிட்டது. 1979 முதல் காற்றாலை வாங்குபவருக்கு விலையில் 30 சதவீதம் மானியம். ஆனால் ரீஸோ ஆய்வு நிலையம் சோதித்து ஒப்புதல் கொடுத்த காற்றாலைக்கு மட்டும்தான். இந்த நிபந்தனை முக்கியமானது. காற்றில் உடைந்து விழும் குப்பைப் பொருளுக்கு மக்கள் வரிப்பணம் போகவில்லை. மானியமும் படிப்படியாகக் குறைந்து 1989ல் நின்றது. விவசாயக் கருவிகள் செய்துவந்த வெஸ்டாஸ் நிறுவனம் 1979ல் காற்றாலை விற்கத் தொடங்கியது. கலிபோர்னியாவுக்கு ஏற்றுமதி செய்து கொழித்து, அங்கே வரிச்சலுகை நின்றதும் 1986ல் திவாலாகி, மறுபடி எழுந்தது.

கிராமத்தார் பங்கு போட்டுக் காற்றாலை வாங்கும் சங்கங்கள் பெருகின. 1990களின் முடிவில் சுமார் ஒரு லட்சம் குடும்பங்கள் இப்படிப் பங்கு வைத்திருந்தன. தன் வீட்டுப் பக்கத்தில் நிற்கும் காற்றாலையில் தனக்கும் பங்கு இருந்தால் அதன் இரைச்சல் கொஞ்சம் குறைவாகத்தான் கேட்கும்!

நிலக்கரி என்ற தவறு

இதுவரை படித்தவர்கள் டென்மார்க் நேராகப் பசுமைப் பாதையில் போனது என்று நினைக்கலாம். அப்படி இல்லை. எண்ணெயை விட்டு ஓடிய அவசரத்தில் மின்நிலையங்கள் எல்லாம் நிலக்கரிக்கு மாறின. 1980களின் நடுவில் அந்நாட்டின் மின்சாரத்தில் பத்தில் ஒன்பது பங்கு நிலக்கரியில் வந்தது. கூடவே வட கடலில் தன் சொந்த எண்ணெயையும் எரிவாயுவையும் தோண்டியது. எண்ணெய்ப் பயம் தீர்ந்தது. ஆனால் ஒரு நபருக்கான கரியமில வாயு வெளியீட்டில் டென்மார்க் ஐரோப்பாவின் முன்வரிசையில் நின்றது.

1985ல் நாடாளுமன்றம் அணுமின்சாரத்தைத் திட்டத்திலிருந்து நீக்கியது. அதற்குப் பிறகு நிலக்கரிதான் அரசன் என்ற நிலைமை. இந்தக் கதையில் எனக்கு மிகவும் பாடமாகப்பட்டது இதுதான். ஒரு ஆபத்திலிருந்து தப்பிக்க அவசரத்தில் கட்டியது, இன்னொரு ஆபத்தாக நாற்பது ஆண்டு நிற்கிறது. மின்நிலையம் கட்டிவிட்டால் அதை யாரும் சும்மா மூட மாட்டார்கள்.

திருப்பம் 1990ல் வந்தது. "ஆற்றல் 2000" என்ற அரசுத் திட்டம், 2005க்குள் கரியமில வாயுவை 1988ஆம் ஆண்டு அளவிலிருந்து 20 சதவீதம் குறைப்போம் என்று சொன்னது. உலகில் இப்படி எண்ணும் ஆண்டும் போட்டுச் சொன்ன முதல் நாடுகளில் டென்மார்க் ஒன்று. 1992ல் கரியமில வாயுவுக்கு வரி வந்தது. 1993 முதல் 2001 வரை சுற்றுச்சூழல் அமைச்சராக இருந்த ஸ்வென்ட் ஔகனின் காலத்தில், 1997ல், புதிய நிலக்கரி மின்நிலையங்களுக்குத் தடை வந்தது.

1991ல் விண்டேபி என்ற ஊருக்கு அருகே கடலுக்குள் 11 காற்றாலைகள் நிறுத்தப்பட்டன. உலகின் முதல் கடல் காற்றாலைப் பண்ணை இதுவே. மொத்தமே சுமார் 5 மெகாவாட். இன்றைய பெரிய காற்றாலை ஒன்றே அதைவிட அதிகம் கொடுக்கும். 2000ல் கோபன்ஹேகன் துறைமுகத்துக்கு வெளியே மிடல்குருண்டனில் 20 காற்றாலைகள் வந்தன. அவற்றில் பாதி நகர மக்களின் கூட்டுறவுச் சங்கத்துக்குச் சொந்தம். சுமார் 4000 பேர் வாழும் சாம்ஸோ தீவு 1997ல் ஒரு போட்டியில் தேர்வாகி, பத்தாண்டுக்குள் தனக்கு வேண்டிய மின்சாரத்தையும் அதற்கு மேலும் காற்றிலிருந்தே எடுத்தது. வைக்கோலை எரித்து வீடுகளைச் சூடாக்கியது.

"காற்று வீசாத நாளில்?" என்று எல்லோரும் கேட்பார்கள். நார்வேயில் நீர்மின் அணைகள் நிறைய. இரு நாடுகளுக்கும் இடையே 1970களிலேயே கடலடிக் கம்பி போட்டிருந்தார்கள். காற்று அதிகமானால் டென்மார்க் மின்சாரம் வடக்கே போகும், நார்வே தன் அணைத் தண்ணீரை மிச்சம் பிடிக்கும். காற்று நின்றால் திரும்பி வரும். பக்கத்து வீட்டில் சர்க்கரை கடன் வாங்குவது போல!

2001ல் ஆட்சி மாறியது. ஆண்டர்ஸ் ஃபோ ராஸ்முசென் அரசு காற்றாலைக்கான ஆதரவைக் குறைத்தது. அடுத்த சில ஆண்டுகள் நிலத்தில் புதிய காற்றாலைகள் ஏறக்குறைய நின்றே போயின. அதே பிரதமர் 2006ல் நிலக்கரியையும் எண்ணெயையும் முற்றிலும் விடுவதே நாட்டின் நீண்டகால இலக்கு என்று அறிவித்தார்! இடையில் போன ஆண்டுகள் போனவைதான். 2012ல் பெரும்பாலான கட்சிகள் சேர்ந்து ஓர் ஒப்பந்தம் செய்தன. ஆட்சி மாறினாலும் திட்டம் மாறாமல் இருக்க இதுவே வழி. இன்று அந்நாட்டு மின்சாரத்தில் பாதிக்கு மேல் காற்றிலிருந்து வருகிறது. 2024 ஆகஸ்டில் எஸ்பியர்க் நகரின் நிலக்கரி மின்நிலையம் மூடப்பட்டது.

சாலையும் ஆலையும்

மற்றத் துறைகளில் இத்தனை வேகம் இல்லை. கோபன்ஹேகனின் சைக்கிள் பாதைகள் புகழ் பெற்றவை. 1960களில் காருக்கு இடம் கொடுத்து ஒடுங்கிப்போன சைக்கிள், எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு மக்கள் தெருவில் இறங்கிப் போராடியதால் திரும்பி வந்தது. ஆனாலும் நகருக்கு வெளியே கார்தான். 2024ல் விற்ற புதுக் கார்களில் பாதி மின்சாரக் கார்கள் என்ற நிலை வந்தது. லாரிகள் இன்னும் டீசலில் ஓடுகின்றன.

ஆலைகளில் கலுண்ட்போர்க் நகரம் நல்ல உதாரணம். அங்கே 1970களிலிருந்து ஓர் ஆலையின் கழிவு இன்னொரு ஆலையின் மூலப்பொருள். மின்நிலையத்தின் நீராவி பக்கத்து ஆலைகளுக்கும், புகையிலிருந்து பிரித்த ஜிப்சம் சுவர்ப்பலகை ஆலைக்கும் போயின. ஆனால் சிமெண்ட் அசையவில்லை. ஆல்போர்க்கில் உள்ள சிமெண்ட் ஆலையே நாட்டில் அதிகமாகக் கரியமில வாயு விடும் தனி இடம். சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் கல்லுக்குள்ளிருந்தே அந்த வாயு வரும். எரிபொருளை மட்டும் மாற்றிப் பயனில்லை.

பெரிய நகரங்களின் வெப்ப நிலையங்கள் நிலக்கரியை விட்டு மரத்துண்டுகளுக்கு மாறியதிலும் சர்ச்சை உண்டு. அந்த மரத்தில் பெரும்பகுதி வெளிநாட்டிலிருந்து வருகிறது. வெட்டிய மரம் மறுபடி வளரப் பல ஆண்டுகள் ஆகுமே என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி.

மாட்டுத் தொழுவம்

கடைசியாக விவசாயம். டென்மார்க்கின் நிலத்தில் சுமார் 60 சதவீதம் பயிர் நிலம். வெண்ணெயும் பன்றி இறைச்சியும் அந்நாட்டின் பழைய செல்வம். மக்களைவிடப் பன்றிகள் அதிகம். மாடு அசைபோடும்போது வெளிவரும் மீத்தேன், உரத்திலிருந்து வரும் நைட்ரஸ் ஆக்சைடு, வடிகட்டிய சதுப்பு நிலத்திலிருந்து வரும் கரியமில வாயு ஆகியவற்றை ஐம்பது ஆண்டுகளாக யாரும் தொடவில்லை. மின்சாரத்தில் வாயு குறையக் குறைய, மீதியில் விவசாயத்தின் பங்கு பெரிதாகத் தெரிந்தது.

2020ல் காலநிலைச் சட்டம் வந்தது. 2030க்குள் 1990ஆம் ஆண்டைவிட 70 சதவீதம் குறைக்க வேண்டும் என்பது சட்டமானபின் தொழுவத்தைத் தொடாமல் கணக்கு முடியாது. 2024 ஜூனில் அரசு, விவசாயிகள் சங்கம், இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு, தொழிற்சங்கம் எல்லாரும் ஒரே மேசையில் உட்கார்ந்து ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். 2030 முதல் கால்நடை விடும் வாயுவுக்கு டன்னுக்கு 300 குரோனர் வரி, 2035ல் அது 750 குரோனர். 60 சதவீதம் கழிவு உண்டு என்பதால் விவசாயி உண்மையில் கொடுப்பது 120ம் 300ம்தான். வரிப்பணம் விவசாயத்தை மாற்றவே செலவாகும். 2,50,000 ஹெக்டேரில் புதிய காடு வளர்க்கப்படும். அதே ஆண்டு நவம்பரில் நாடாளுமன்றக் கட்சிகளின் பெரும்பான்மை இதை ஏற்றது. நியூசிலாந்து இதே போன்ற வரியைத் திட்டமிட்டு 2024ல் கைவிட்டது என்பதை நினைத்தால் இதன் கஷ்டம் புரியும்.

முடிவுரை

டென்மார்க்கைப் புகழ்வது சுலபம். பணக்கார நாடு, கடலோரக் காற்று, பக்கத்தில் நார்வே அணை. நமக்கு அதெல்லாம் இல்லை என்று சொல்லிவிடலாம். அங்கும் மின்கட்டணம் ஐரோப்பாவிலேயே அதிகமானவற்றில் ஒன்றாக இருந்தது. 2024 டிசம்பரில் பெரிய கடல் காற்றாலைத் திட்டம் ஒன்றுக்கு ஏலம் கேட்க ஒருவரும் வரவில்லை. வேலை முடிந்துவிடவில்லை.

ஆனாலும் இந்த வரலாற்றில் எனக்குத் தெளிவாகத் தெரிவது ஒன்று. இன்று கிடைக்கும் பலன்களில் பெரும்பாலானவை 1973க்கும் 1983க்கும் இடைப்பட்ட பத்து ஆண்டுகளில் எடுத்த முடிவுகளிலிருந்து வந்தவை. வெந்நீர்க் குழாய், கட்டட விதி, சோதித்த காற்றாலைக்கு மட்டும் மானியம், நார்வேக்கு ஒரு கம்பி. அதே பத்து ஆண்டுகளில் எடுத்த நிலக்கரி முடிவை அவிழ்க்க நாற்பது ஆண்டு ஆனது. அன்று தொடாமல் விட்ட மாட்டுத் தொழுவம் இன்று கடைசி நேரத் தலைவலியாக நிற்கிறது.

அப்படியானால் 2050 என்று நாம் பேசும் ஆண்டு, 2030க்குள் எதைக் கட்டுகிறோம் என்பதில்தான் இருக்கிறது. நம் ஊரில் இன்று எழும் ஒவ்வொரு அடுக்குமாடிக் கட்டடமும், ஒவ்வொரு அனல் மின்நிலையமும், ஒவ்வொரு சாலையும் இன்னும் ஐம்பது ஆண்டு நிற்கும்.

அடுத்த முறை ஆரல்வாய்மொழி வழியாகப் போகும்போது காற்றாலைகளை எண்ணப் போவதில்லை. அவற்றுக்கு நடுவே புதிதாக என்ன கட்டுகிறார்கள் என்று பார்க்கப் போகிறேன்.